மாப்பிள்ளை காருக்கு ஒரு புதுக் குழாய்

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் லாரி பாடி கட்டும் ஷெட் போட்டேன். மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும் மனையில் வீடு எழுப்பினேன். காயலான் கடைக்குப் போகவிருந்த அம்பாசிடரை வாங்கிப் பளபளவென்று ஆக்கினேன். எல்லாம் தனி ஆளாக...

(என் மனைவி இதைப் படித்தால் கடைசி வரியை அடித்துவிடுவாள். அதனால் காட்டவில்லை.)

போன மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நியூ டவுனில் ஐ.டி. வேலை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் போதும் என்றாள் மகள். விடுவேனா? என் அம்பாசிடர் இருக்க, இன்னொருவன் காரா?

ஒரே குறை – சத்தம். கிழவன் இருமுவது போல இருந்தது. (என்னைச் சொல்லவில்லை.) அதற்குத்தான் எக்ஸாஸ்ட் ஹெடர். இன்ஜின் புகையை வெளியே தள்ளும் பழைய வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு, மூன்று குழாய்கள் வளைந்து ஒன்றாகச் சேரும் புது அமைப்பை மாட்டுவது. சிங்கம் மாதிரி உறுமும் என்று மொபைல் வீடியோவில் சொன்னார்கள்.

லேக் மார்க்கெட் பக்கம், கோயிலுக்கு அடுத்த தெருவில் பொல்டுவின் கராஜ். புதுக் குழாயின் தகடு மெல்லிசு, அதை ஒட்டிய கார்புரேட்டர் குழாயின் தகடு தடிமன். இரண்டையும் ஒரே வாஷர் அமுக்க வேண்டும். சாய்ந்து நின்ற வாஷரை ராவி ராவிச் சமன் செய்தோம்.

"தாதா, கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிப் பார்த்துடலாம்" என்றான் பொல்டு. (தாதா என்றால் இங்கே அண்ணன், ரவுடி இல்லை.)

"முதல் சத்தம் மாப்பிள்ளைக்குத்தான்."

ஸ்டார்ட் செய்யாமலே, மாப்பிள்ளை அழைப்பு புறப்படும் கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பொல்டு கிளம்பிய பிறகு, புது இரும்பு துருப்பிடிக்குமே என்று எனக்குக் கவலை. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கே தேய்ப்பது கடுகு எண்ணெய்தானே? அரை பாட்டிலைக் குழாயில் தேய்த்தேன். மேலே சந்தனம், குங்குமம். பானெட்டை மூடினேன்.

மாலை. மாப்பிள்ளை ஏறினார். சாவியைத் திருப்பினேன். அடடா... நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பாதித் தெரு தாண்டியதும் வாசனை கிளம்பியது. கடுகு எண்ணெய் காய்ந்தால் கொல்கத்தாவில் அதற்கு ஒரே அர்த்தம் – மீன்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. சம்பந்தி வீடு இன்னும் ஒரு படி மேல். காருக்குப் பின்னால் நடந்து வந்த சம்பந்தியம்மாள் ஜன்னலருகே வந்தார்.

"என்ன சம்பந்தி, மீன் வறுக்கச் சொல்லியிருக்கீங்களா?"

"பக்கத்து வீடா இருக்கும்மா."

"பக்கத்து வீடு நம்ம கூடவே நடந்து வருதா?"

அவர் விறுவிறுவென்று முன்னால் இருந்த மண்டபத்துக்குள் போனார். "சமையல்கட்டைப் பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்." வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவியின் முகம் வெளுத்தது. கல்யாணமே நின்றுவிடுமோ?

உள்ளே சமையல்காரர் மணி அண்ணனின் குரல் கேட்டது. "நான் பூண்டையே தொடாதவன்மா. ஒவ்வொரு அண்டாவா திறந்து பாருங்க. ருசியும் பாருங்க."

அதற்குள் பானெட் இடுக்கில் புகை. மாப்பிள்ளை மாலையோடு குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தார். குழாயில் சந்தனம் கருகி, எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது.

"மாமா, இன்ஜினைத் தாளிச்சது யாரு?"

நான் நாதஸ்வரக்காரரைப் பார்த்தேன். அவர் அவசரமாக வாசிக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை உள்ளே ஓடி விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாள் பாயச டம்ளரோடு வெளியே வந்தார். "பாயசம் பிரமாதம். வண்டியைத் தள்ளி ஓரமா விடுங்க, சம்பந்தி. என் பையனுக்குக் கால் இருக்கு, மீதியை நடந்து வருவான்."

தள்ளினேன். மறுநாள் தாலி ஏறியது.

இப்போது மகள் எடிட் செய்த கல்யாண வீடியோ வந்திருக்கிறது. முடிவில் பெயர்கள் ஓடுகின்றன. சமையல் – மணி அண்ணன். கார் – பொல்டு. என் பெயர் எங்கேயும் இல்லை. வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சம்பந்தியம்மாள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்? பாயசத்தையா?

ஆகவே மகளே, மரியாதையாக ஒரு வரி சேர்த்துவிடு: புகை – பெண்ணின் அப்பா.