நெற்றியோரத்து மாத்திரை

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். கல்லூரியில் படிக்கும்போது வந்தது. இப்போது மருந்தோடு நன்றாகவே இருக்கிறான். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. அவன் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், மூளையின் இடது வலது பாதிகளை ஒப்பிடும் ஆராய்ச்சிக்காக ஸ்கேன் எடுக்கக் கேட்டார்கள். சம்மதித்தான். துணைக்கு நான் போனேன்.

போகும் முன் கைப்பேசியில் அதைப் பற்றிப் படித்திருக்கக் கூடாது. எல்லோருக்கும் மூளையின் இரு பாதிகளும் கொஞ்சம் வேறுபட்டிருக்குமாம். இந்த நோய் உள்ளவர்களிடம் அந்த வேறுபாடு சராசரியாகச் சற்றுக் குறைவாம். இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களும் அவர்களிடையே சற்று அதிகமாம். என் மகளுக்கு ஒன்றரை வயது. அதைப் படித்ததிலிருந்து தட்டின் நடுவில் பிஸ்கட்டை வைத்துவிட்டு அவள் கையையே பார்த்தேன். ஒருமுறை இடக்கை, அடுத்த முறை வலக்கை. இந்த வயதில் பல குழந்தைகள் அப்படித்தான் என்றும் படித்தேன். அது மட்டும் மனதில் நிற்கவில்லை.

ஸ்கேனுக்கு முன் தம்பியின் வலது நெற்றியோரத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். படத்தில் எது வலப்பக்கம் என்று தெரிவதற்காம்.

"முழுங்கி முழுங்கிப் போரடிச்சிருச்சுக்கா. இப்ப ஒட்டிக்கிறேன்" என்றான்.

பிறகு டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். இடப்பக்கம் சிறியதாகத் தெரிந்தது எனக்கு. "லெஃப்ட் சைடு ஏன் சின்னதா இருக்கு?"

"நீங்க மாத்திப் பாக்குறீங்க மேடம். படத்துல இடது வலது மாறித்தான் தெரியும். மாத்திரை எங்க இருக்கு பாருங்க. அதுதான் அவரோட ரைட். ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நிறைய பேர் படத்தைச் சேர்த்துப் பாத்தாதான் சராசரி தெரியும். ஒருத்தர் படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

மின்சார ரயிலில் ஏறினோம். தாம்பரத்தில் இறங்கி முடிச்சூரில் என் வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகள் ஓடிவந்து அவன் மடியில் ஏறினாள். என் கை தானாகவே தட்டின் நடுவில் ஒரு பிஸ்கட்டை வைத்தது.

"போன வாரமும் இதத்தான் பண்ண. என்னை மாதிரி ஆயிடுவாளான்னு பாக்குறியாக்கா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பயமா இருக்குடா."

"அவ்ளோ பெரிய மெஷின்ல படம் எடுத்தும் ஒருத்தரப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாதாம். நீ ஒரு பிஸ்கட்ட வச்சு சொல்லிடுவியா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் சிரிக்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "போய் டீ போடு. இங்க நிக்காத" என்றான்.

சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். கூடத்தில் மகள் கலகலவென்று சிரித்தாள், பிஸ்கட் நொறுங்கும் சத்தம் கேட்டது. எந்தக் கை என்று பார்க்க இரண்டு முறை சமையலறை வாசல்வரை வந்தேன். இரண்டு முறையும் பால் பொங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனேன்.