மழைக்கு முந்திய கைப்பிடி

காலை ஆறரை. தொண்டி பேருந்து நிலையத்தில் இராமநாதபுரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உப்பூருக்கு டிக்கெட் இருபது ரூபாய். புரட்டாசி பிறந்தும் மழையைக் காணோம். வெயில் மட்டும் எனக்கு முன்பே வந்து ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

விடியலில் கடற்கரையில் பேனாவோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு எழுதுவதுதான் பூஜை. கும்பகோணத்துப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில், பறவைகள் எழும் நேரத்தில், யாரோடும் ஒரு சொல் பேசுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுவேன். அன்றைய பொழுதுக்கு அது போதும். ஒன்றரை வருடமாக அந்த ஒரு பக்கம் வரவில்லை. மனம் நனையட்டும், எழுதலாம் என்று காத்திருந்தே காலம் போனது. இந்தக் கடலும் கைவிட்டால் எழுத்தை மூட்டை கட்டிவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தேன். தொண்டிக் கடல் அழகாகத்தான் இருந்தது. ஒரு வரி தரவில்லை.

பக்கத்து இருக்கையில் மடியில் மஞ்சள் பையோடு ஒரு பெண். பெயர் பாண்டியம்மாள், வயது நாற்பதுக்குள் இருக்கும்.

"எங்கிட்டுக்கா போறீக?"

"உப்பூர் பிள்ளையாரைப் பார்க்க."

"நானும் அங்கனதான் போறேன். வெதை நெல்ல அவருகிட்டக் காட்டிட்டு இன்னைக்கே வெதைக்கணும்."

"மழை பெய்துவிட்டதா?"

பாண்டியம்மாள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "மழை பேஞ்ச பெறகு வெதைக்கிறதா? நல்லாருக்கே! எங்க மழை ரெண்டு நாளு வரும், போயிரும். அது வாரப்ப வெதை மண்ணுக்குள்ள இருக்கணும்க்கா. அந்நேரம் போயி டிராக்டர் தேடிக்கிட்டுத் திரிய முடியுமா?"

புழுதியில் விதைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் நாற்றங்காலைப் பற்றிப் பேச்சே எழும். இருபது கிலோமீட்டர் சொச்சம் போவதற்குள் என் கதையும் வெளியே வந்துவிட்டது. எழுதுகிறவள், எழுத வரவில்லை என்று சொன்னேன். பாண்டியம்மாள் அதற்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுப் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கொடுத்தாள்.

எட்டு மணி. உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு மேலே கூரை கிடையாது. வெயில் அவருக்குப் பிடிக்கும் என்கிறார்கள். பாண்டியம்மாள் ஒரு கை நெல்லை வெயில் படும்படி நீட்டிக் கண்ணை மூடினாள். நானும் பேனாவை எடுத்து நீட்டினேன். அர்ச்சகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருநீறு மட்டும் தாராளமாகவே தந்தார்.

"வயலுக்கும் வாங்கக்கா, பக்கந்தான்" என்றாள் பாண்டியம்மாள். ஷேர் ஆட்டோவில் மேற்கே இரண்டு கிலோமீட்டர். அவள் கணவர் கருப்பையா ஏற்கெனவே உழுத நிலத்தில் காத்திருந்தார். கண்ணுக்கு எட்டிய வரை புழுதி. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அவர் விதை நெல் நிறைந்த ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைவீசி விதைத்தபடி நடந்தார். நெல் விசிறியாக விரிந்து விழுந்தது.

எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது. வீசினேன். அத்தனையும் ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது.

"அக்கா, கோழிக்கா போடுறீக?" பாண்டியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விடு புள்ள, அந்த எடத்துல அடர்த்தியா வரட்டும்" என்றார் கருப்பையா. பின்னாலேயே டிராக்டர் வந்து விதையை மண்ணுக்குள் மூடிவிட்டுப் போனது.

"மழை வராவிட்டால்?" என்று கேட்டேன்.

"வராட்டி மறுக்கா வெதைக்கிறதுதான்" என்றார், தலைத் துண்டை உதறியபடி.

பதினோரு மணிக்கு வரப்போரப் பனை நிழலில் உட்கார்ந்தேன். மனம் நனையவில்லை. இருந்தாலும் எழுதினேன். முதல் வரி காய்ந்த வரி, இரண்டாவது அதைவிட மோசம். அடிக்கவில்லை. புழுதி வாசனை, காதருகே கத்திய மைனா, கை வழியாகச் சரிந்த நெல்லின் கூச்சம் என்று வந்ததையெல்லாம் வீசிக்கொண்டே போனேன். நான்கு பக்கம். ஒன்றும் தேறாது. ஆனால் எழுந்தபோது அந்தப் பழைய நிம்மதி கூடவே எழுந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிரவு உச்சிப்புளியில் இறங்கித் தங்கி, மறுநாள் விடியலுக்கு முன் கடற்கரையில் எழுதினேன். அதற்கடுத்த நாள் இராமேசுவரத்தில். இரண்டு இடத்திலும் காய்ந்த பக்கங்கள்தான். கடல் என்ன தரும் என்று அதன் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அலை தன் வேலையைச் செய்தது, நான் என் வேலையைச் செய்தேன்.

நான்காம் நாள் மாலை, இராமநாதபுரத்தில் ஊருக்கு வண்டி ஏறினேன். இன்னும் சில மணி நேரத்தில் ஈரமும் பச்சையுமாக எங்கள் ஊர் வந்துவிடும். இங்கே ஜன்னலுக்கு வெளியே காய்ந்த கண்மாய்கள். வயலில் வாங்கி வைத்திருந்த எண்ணில் பாண்டியம்மாளைப் போனில் அழைத்தேன்.

"மழை பெய்ததா?"

"இல்லக்கா. ஒங்களுக்கு?"

"இன்னும் இல்லை. விதைச்சாச்சு."

"அப்பறமென்ன!" என்று அதே சிரிப்பு கேட்டது.