டாக்குமென்ட்டாக அனுப்பிய படம்

எந்தக் கல்குவாரி என்று சொல்ல மாட்டேன். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகிற பக்கம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். வெற்றிச்செல்வியின் கதையைக் கேட்டு முடித்தால் நீங்களே என்னிடம் மேற்கொண்டு கேட்க மாட்டீர்கள்.

வெற்றிச்செல்விக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு சிறுவாச்சூரில். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை. அவளுடைய அம்மா அடுத்தவர் வெங்காயக் காட்டில் களையெடுத்த கூலியில் படிக்க வைத்த படிப்பு அது. உட்கார்ந்த இடத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து போய் ஜன்னலைப் பார்ப்பாள். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பாள். அவள் அசையாமல் இருப்பது இரண்டே நேரம்தான்: மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது, கேமராவில் கண் வைத்திருக்கும்போது.

கேமரா வந்து நாலு வருடம் ஆகிறது. திருச்சியில் கல்யாணப் படம் எடுக்கிறவர் ஒருவர் புதுசு வாங்கிக்கொண்டு பழையதை விற்றார். அதையும் முந்நூறு எம்.எம். லென்ஸ் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கணவன் பழனிவேலுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை. சிறுவாச்சூர்க் கோயில் நடை திறக்கிற வெள்ளியும் திங்களும் அவனுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. மற்ற நாளில் அவள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், டயரிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்பான். நாலு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த விமர்சனம் அந்த ஒற்றை எழுத்துதான்.

ஆகவே அவள் முழுக்க முழுக்கக் குழுவை நம்பியிருந்தாள். ‘சிறகு நண்பர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலுமாக நூற்றுப்பத்துப் பேர். நடத்துகிறவர் அரியலூரில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கும் ஜெயசுதா. காலையில் ஒரு மீன்கொத்தியைப் போட்டால் பத்து மணிக்குள் நாற்பது கைதட்டல் வரும். அந்தக் கைதட்டல்களுக்கு நடுவே தவறாமல் ஒரு வரியும் வரும்: ‘நல்ல முயற்சி மேடம். கொஞ்சம் சாஃப்ட்.’ எழுதுகிறவர் பெயர் ஆண்டவர். பெரம்பலூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அறுநூறு எம்.எம். லென்ஸ் வைத்திருக்கிறார். படம் கூர்மையாக இல்லை, மழுங்கி இருக்கிறது என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்வார். அந்த நாசூக்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குழுவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கூட்டைப் படமாகப் போடக் கூடாது, கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னவர் குழுவில் இருக்க முடியாது. விதியை எழுதியவளே வெற்றிச்செல்விதான். போன வருடம் ஒருவர் ஏரிக்கரையில் நாமக்கோழிக் கூட்டை இடத்தோடு போட்டார். அடுத்த வாரம் அங்கே முட்டையும் இல்லை, கூடும் இல்லை. அவரை வெளியே அனுப்பச் சொல்லி எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவள் இவள்.

இப்படிப்பட்டவள் கண்ணில்தான் இந்தத் தை மாதம் கொம்பன் ஆந்தை பட்டது. கைவிடப்பட்ட கல்குவாரி. வெட்டிய பாறைச் சுவரில் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு திட்டு. திட்டை மறைத்தபடி ஒரு முள்செடி. அதற்குப் பின்னால் தாய் ஆந்தை, அதன் அடியில் பஞ்சு உருட்டி வைத்த மாதிரி மூன்று குஞ்சுகள். எதிர்க்கரையில் ஒரு குறிப்பிட்ட பாறையில் படுத்தால் மட்டும் செடியின் ஓர இடைவெளியில் மூன்றும் தெரியும். மூன்று வாரம் யாருக்கும் மூச்சு விடவில்லை. வீட்டில் பழனிவேலிடம் மட்டும் ஒருநாள் கேமராவை நீட்டிக் காட்டினாள். அவன் “ம்” என்றான்.

மூன்று வாரம் வாயைக் கட்டியவளால் நாலாவது வாரம் முடியவில்லை. சனிக்கிழமை மதியம் தாயின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டாள். கூடு தெரியவில்லை, பாறை தெரியவில்லை, விதிப்படி எல்லாம் சரி. கைதட்டல் கொட்டியது. கூடவே அந்த வரியும் வந்தது: ‘நல்ல முயற்சி மேடம். கொஞ்சம் சாஃப்ட்.’

இந்தத் தடவை அவளுக்குப் பொறுக்கவில்லை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும், கூர்மை போய்விடும் என்பது படம் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். அதையே ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் சுருக்காமல் முழுசாகப் போகும். அப்படியே அனுப்பினாள். ‘இப்போது பாருங்கள்’ என்று கீழே எழுதினாள். இரண்டு நிமிடத்தில் ஆண்டவரிடமிருந்து பதில்: ‘சூப்பர் மேடம். இறகு இறகா எண்ணலாம்.’ நாலு வருடத்தில் முதல் தடவை. அந்த மதியம் வெற்றிச்செல்வி ஊசி குத்தியது யாருக்குமே வலித்திருக்காது, அவ்வளவு சந்தோஷம்.

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தது. அனுப்பியதை இன்னொரு தடவை பார்த்து ரசிக்கலாம் என்று திறந்தாள். விரல் பட்டுப் படம் மேலே நகர்ந்தது. அடியில் படத்தின் விவரம் வந்தது: கேமரா பெயர், லென்ஸ், தேதி. அதற்கும் கீழே ஒரு சின்ன வரைபடம். வரைபடத்தின் நடுவில், குவாரியின் மேல், சிவப்புப் புள்ளி.

படத்தைப் போனுக்கு இறக்குவதற்காகக் கேமராவையும் போனையும் இணைத்து வைத்திருந்தாள். எடுத்த இடத்தைப் போன் சொல்ல, கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எழுதி வைத்திருக்கிறது. படமாக அனுப்பியிருந்தால் சுருக்கும்போது அதுவும் உதிர்ந்திருக்கும். அவள் அனுப்பியதோ முழுசு.

உடனே அழித்தாள். அதற்குள் முப்பத்தேழு பேர் பார்த்திருந்தார்கள். ‘ஏன் மேடம் எடுத்துட்டீங்க?’ என்று ஜெயசுதா கேட்டார். அந்த ஒரு நிமிடத்தில் உள்ளதைச் சொல்லியிருந்தால், யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஜெயசுதாவே எல்லாரையும் கட்டிப்போட்டிருப்பார். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தான் எழுதிய விதி தன்னையே முறைத்துப் பார்த்தது. ‘வேறு படம் மாறிப் போய்விட்டது மேடம்’ என்று எழுதினாள். பொய். யாரய்யா படத்தை மேலே நகர்த்தி வரைபடமெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டாளே தவிர, கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. எட்டு மணிவரை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், நகர முடியாது. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். இரண்டு ரத்தக் குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டப் போய்க் கடைசி நொடியில் சுதாரித்தாள். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, ஞாயிறு விடிந்தும் விடியாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

குவாரி வாயில் ஒரு கார் நின்றது.

காட்டு இலை அச்சடித்த தொப்பியோடு ஆண்டவர் எதிர்க்கரையில், அவளுடைய அதே பாறையில், மூன்றுகால் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தார். கூட இரண்டு பேர். திட்டைப் பார்த்தாள். முள்செடி இல்லை. வெட்டிய கிளைகள் மேல்விளிம்பில் கிடந்தன. தாய் ஆந்தை தூரத்துப் பாறையில் உட்கார்ந்திருக்க, ஏழெட்டுக் காக்கைகள் அதைச் சுற்றிச் சுற்றிக் கொத்த வந்தன.

“வாங்க மேடம், வாங்க! லொகேஷன் கரெக்டா கொண்டாந்து வுட்டுருச்சு. நீங்க அழிக்கறதுக்கு முன்னாடியே நம்ம போன்ல எறங்கிருச்சு” என்றார் ஆண்டவர், ரொம்பச் சந்தோஷமாக.

“செடிய ஏங்க வெட்டுனீங்க?”

“குஞ்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு இருந்துச்சு மேடம். நாலு கிளைதான்.”

“வெயில் அடிக்குமே. காக்காய்க்குத் தெரியுமே. எத்தன குஞ்சு இருக்கு உள்ள?”

“நமக்கு ஃப்ரேம்ல ஒண்ணு இருந்தா போதாதா?”

அவள் போய் லென்ஸுக்கு நேராக நின்றாள். “எடுங்க. என் மூஞ்சிய எடுங்க. ஷார்ப்பா வருதான்னு பாருங்க!”

ஆண்டவருக்கு முகம் சுருங்கியது. “இடத்தக் காட்டுனது நீங்க. இப்ப வந்து எங்ககிட்ட கத்துறீங்க?” என்றார்.

அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, வேண்டியதை ஏற்கெனவே எடுத்துவிட்ட திருப்தியில் மூவரும் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போனார்கள்.

பழனிவேலுக்குப் போன் போட்டாள். “என்னங்க, கொஞ்சம் வர்றீங்களா?” என்றாள். அழுகையில் மீதி வரவில்லை. எங்கே, என்ன என்று அவன் இரண்டு கேள்விதான் கேட்டான். கடையிலிருந்து பழைய டியூப் வார்களையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு முக்கால் மணியில் வந்து சேர்ந்தான். வெட்டிய கிளைகளை வாரால் இறுக்கிக் கட்டி, மேல்விளிம்பிலிருந்து கயிற்றில் இறக்கித் திட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். மேலிருந்து திட்டுக்குள் எதுவும் தெரியவில்லை. எட்டிப் பார்க்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

பிறகு ஜெயசுதாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள்.

“ரூல் நீங்க எழுதுனது மேடம். உங்களுக்குன்னு மாத்துனா நாளைக்கு யார நான் கேக்க முடியும்?” என்றார் ஜெயசுதா.

“மாத்த வேணாங்க மேடம். ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. கூட்டுக்கிட்ட எடுத்தத யாரும் டாக்குமென்ட்டா அனுப்பக் கூடாதுன்னு.”

“அவரு கிளைய வெட்டுனதுக்கு ரூல்ல ஒண்ணுமே இல்லையே மேடம்” என்றார் ஜெயசுதா, பாவம், அவருக்கும் குரல் இறங்கிவிட்டது. “அதையும் சேக்கறேன்.”

ஐந்து நிமிடத்தில் அவள் குழுவிலிருந்து நீக்கப்பட்டதாகக் குறிப்பு வந்தது. நாலு வருடமாக விடாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்த போன் அடங்கியது.

இருவரும் எதிர்க்கரைக்கு வெகு பின்னால் ஒரு வேலமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். அவன் உட்கார்ந்தான், அவள் எங்கே உட்கார்ந்தாள்? பகல் முழுக்க நடந்தாள். தாய் வராவிட்டால் என்ன செய்வது என்று இருபது தடவை கேட்டாள். அவன் வாங்கி வந்த பரோட்டா பொட்டலம் பிரிக்காமலே காய்ந்தது. வெயில் தாழ்ந்து காக்கைகள் அடையப் போன பிறகு, தூரத்துப் பாறையிலிருந்து ஒரு பெரிய நிழல் சத்தமில்லாமல் இறங்கித் தொங்கிய கிளைக்குள் நுழைந்தது.

“வந்துருச்சுங்க!” என்றாள். பழைய பாறைக்கு ஓடிப்போய்ப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். கிளையின் ஓரத்தில் இடைவெளி இருந்தது.

“எத்தன இருக்கு?” என்றான் பின்னாலேயே வந்த பழனிவேல்.

அவள் இன்னொரு தடவை எண்ணினாள். “ரெண்டு.”

“நல்லாப் பாரு. நீ காட்டுன படத்துல மூணுல்ல இருந்துச்சு? ஒண்ணு ஓரமா, தாய் ரெக்கைக்கு அடியில தலைய வுட்டுக்கிட்டு, ஒத்தக் கண்ண மட்டும் தொறந்துக்கிட்டு.”

வெற்றிச்செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள். பார்க்கவே இல்லை என்று அவள் நினைத்திருந்த படம். கேமராவை அவன் கையில் கொடுத்தாள். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, லென்ஸ் ஆடியது. இருட்டி எதுவும் தெரியாமல் போகும்வரை பார்த்தான்.

“ரெண்டுதான்” என்றான்.

அவள் போனை எடுத்து ஜெயசுதாவைக் கூப்பிட்டாள். “மூணுல ரெண்டு இருக்கு மேடம். மூணாவது என்னாலதான் போச்சு. குரூப்ல சொல்லிருங்க, எம் பேரப் போட்டே சொல்லுங்க.”