ஹோல்டில் கிடந்த டிக்கெட்

காலை ஏழே முக்காலுக்கு மட்டாஞ்சேரி டயாலிசிஸ் மையத்திலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரம் எதுவும் திறக்கவில்லை. போன தடவை எடை எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தது என்று தெரியாமல் மெஷினில் ஆளைப் போட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஷிப்டில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அந்த சாஃப்ட்வேர் ஓடும் கிளவுட் சர்வரைக் கவனித்துக்கொள்வது இடப்பள்ளியில் இருக்கும் எங்கள் கம்பெனி. சர்வரில் கோளாறு என்றால் கிளவுட் ஒரு அலெர்ட் அனுப்பும். அது தானாகவே எங்கள் டிக்கெட் சிஸ்டத்தில் ஒரு டிக்கெட்டாக, அதாவது புகார்க் குறிப்பாக விழும். புகார்களைக் கவனிக்கும் டெஸ்க்கில் இருப்பவர் அதைப் பார்த்து, சரிசெய்ய வேண்டிய ஆளைக் கூப்பிடுவார். கிளவுடையும் டிக்கெட் சிஸ்டத்தையும் இணைத்துக் கொடுத்தவன் நான்.

அன்று டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றுபோயிருந்தது. இடத்தைக் காலி செய்து மறுபடி ஓடவிட எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாளில் வீடு திரும்பினார். அதில் என் திறமை ஒன்றும் இல்லை.

டிஸ்க் நிரம்புவதற்கு முன்பே அலெர்ட் வந்திருக்க வேண்டுமே என்று தேடினேன். வந்திருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து ஆறு தடவை.

ஒரே கோளாறுக்கு டிக்கெட் மேல் டிக்கெட் விழுகிறது என்று டெஸ்க்கில் புலம்பிக்கொண்டிருந்ததால், ஒரே மாதிரி அலெர்ட்டுகளைப் பழைய டிக்கெட்டிலேயே குறிப்பாகச் சேர்க்க ஒரு ரூல் போட்டிருந்தேன். வாடிக்கையாளர் பெயரும் அலெர்ட்டின் வகையும் ஒன்றாக இருந்தால் போதும் என்று வைத்தேன். எந்த சர்வர் என்பதைச் சேர்க்கவில்லை. அதே மையத்துக்குச் சோதனைக்கு மட்டும் வைத்திருந்த டெஸ்ட் சர்வருக்கு ஒரு டிஸ்க் டிக்கெட், பிறகு பார்க்கலாம் என்று ஏற்கெனவே ஹோல்டில் கிடந்தது. ஆறு எச்சரிக்கைகளும் அதற்குள் போய் விழுந்துவிட்டன. ஹோல்டில் போட்ட டிக்கெட் டெஸ்க்கின் திரையில் வராது. அந்த டிக்கெட் என் பெயரில் இருந்தது; நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

பத்து மணிக்கு மீட்டிங். மேனேஜர் பிஜு சார் மலையாளி. கோயம்புத்தூரில் படித்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"அலெர்ட் வந்ததா இல்லையா, அதைச் சொல்லு கணேசா."

"வந்தது சார்," என்றேன். "டெஸ்க்ல பார்க்கல."

முந்தின நாள் டெஸ்க்கில் இருந்தவள் ஷமீமா. பள்ளுருத்திக்காரி, வீட்டில் தமிழ் பேசுகிறவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"நான் சீட்டை விட்டு எழும்பவே இல்ல சார்," என்றாள்.

"எழும்பலேன்னா பின்னே எங்ஙனே மிஸ்ஸாச்சு?" என்றார் பிஜு சார்.

நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அந்த மையத்தின் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து, கேண்டீனில் நான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு உபகாரம் செய்யணும். அன்னிக்கு அந்த அலெர்ட் ஸ்கிரீன்ல எங்க வந்துதுன்னு காட்டித் தருவீங்களா? லிஸ்ட் முழுசும் மூணு வாட்டி நோக்கிட்டேன், காணல. சுள்ளிக்கல்ல கண்ணாடிக் கடைக்குப் போயி கண்ணுகூட டெஸ்ட் பண்ணினேன். பவர் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க."

இனி எதையும் தவறவிடக்கூடாது என்பதற்காகக் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் சீட்டுக்குக் கூட்டிப்போய் அந்த டிக்கெட்டைத் திறந்து காட்டினேன். ஆறு குறிப்பையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மேலே போய், யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"அன்னிக்குக் காலையிலேயே."

"மீட்டிங்குக்கு முந்தியேவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேராக பிஜு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னைச் சத்தம் போட்டிருப்பேன், அவ்வளவுதானே? இப்ப நான் அந்தக் குட்டியோட முகத்தை எப்படி நோக்கும்?"

அவளுடைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஒன்று கொடுத்தார்கள். ரூலில் சர்வரின் ஐடியைச் சேர்க்கப் பத்து நிமிடம் ஆனது. ஷமீமாவை மறுபடி டெஸ்க்குக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லி வேறு டீமுக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு வாயில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ரூல் போட்டதும் ஒவ்வொரு சர்வரிலிருந்தும் ஒரு டெஸ்ட் அலெர்ட் அனுப்பி, அது டெஸ்க்கின் திரையில் வருகிறதா என்று அங்கேயே போய் நின்று பாருங்கள். இதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அந்த மீட்டிங்கில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மை. 'அது என் டிக்கெட்டுக்குள்ள விழுந்துடுச்சு சார்' என்று மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது, அதுவும் அவளாக வந்து கேட்டதால்.