நாகலிங்கம் என்று கூப்பிட்டால்

நாகலிங்கப் பூவின் மணம் பலருக்குத் தெரியும், அதன் பழத்தின் நாற்றம் தெரிந்தவர்கள் குறைவு. பூ கருவறை போல மணக்கும், குண்டு குண்டாகத் தொங்கும் பழமோ கீழே விழுந்து உடைந்தால் மூக்கைப் பிடிக்க வைக்கும், இரண்டும் கலந்த வாடைதான் எனக்குச் சிறுவயது ஞாயிற்றுக்கிழமை.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மரத் தோட்டம். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் தகரப் பலகையில் பெயர் எழுதியிருந்ததால் தெருவில் அதற்கு 'போர்டுத் தோட்டம்' என்றுதான் பெயர். ஞாயிறு காலை சாமி கும்பிட்டு முடித்ததும் அம்மா புளிச்சோறு கட்ட, ரயில்வேயில் கலாசியாக இருந்த அப்பா எங்கள் கிழட்டு நாய் மணியைப் பிடித்துக்கொள்ள, கிளம்பிவிடுவோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஒழுங்காக எழுத்துக்கூட்டியது அந்தப் பலகைகளில்தான்.

ஒரு ஞாயிறு, நாகலிங்க மரத்தடியில் உடைந்த பழத்தில் புரண்டுகொண்டிருந்த குட்டிநாய் ஒன்று எங்கள் பின்னாலேயே வந்தது. பலகையைப் பார்த்து அதற்கு 'நாகலிங்கம்' என்று பெயர் வைத்தேன்.

"சாமி பேரை நாய்க்கு வெக்கிறியேடி, நாக்கு அழுகிடும்" என்றாள் அம்மா.

"இன்னா தப்பு? பைரவர் பக்கத்துல நிக்கிறவன்தானே" என்றார் அப்பா. "மொதல்ல குளிப்பாட்டு, வூடே நாறுது."

அடுத்த வாரம் தோட்டத்தில் "டேய் நாகலிங்கம், வாடா" என்று நான் கத்த, பம்பு செட்டுக்குப் பின்னாலிருந்து தோட்டக்காரர் எழுந்து வந்தார். அவர் பெயரும் அதுவேதானாம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் நாயைப் பார்த்துவிட்டு, "என்னை விட இவன் தேவலம்மா, கூப்பிட்டா ஒடனே வரான்" என்றார். அதிலிருந்து அம்மாவின் பூஜைக்கென்று உதிர்ந்த பூக்களை இலையில் எடுத்துவைப்பார். அந்த நாய் செத்தபோது மண்வெட்டி எடுத்து அதே மரத்தடியில் குழி வெட்டியவரும் அவர்தான். அவரும் இப்போது இல்லை.

எங்கள் வீட்டில் நாய் மாறினாலும் பெயர் மாறுவதில்லை. போன பிரதோஷத்தன்று பூ பொறுக்கலாம் என்று என் மகளையும் இப்போதைய நாகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வாசலில் ஒரு காவலாளி.

"நாய்க்கு அனுமதி இல்லக்கா. அசுத்தம் பண்ணும்."

நாயோடு மகளை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். நாய் அசுத்தமாம், வழியெல்லாம் மனிதர்கள் குடித்துப்போட்ட காகிதக் கப்புகள். நாகலிங்க மரம் நின்ற இடத்தில் பளபளவென்று கல்மேடை, அதில் பிளாஸ்டிக் பூ வளைவு, கல்யாண ஜோடி ஒன்று போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் பலகை, 'நாகலிங்கம்' என்று எழுத்துப் பிழையில்லாமல்.

திரும்பி வந்து காவலாளியிடம் கேட்டேன், "மரம் எங்கப்பா?"

"பழம் தலைல வுழும்னு எடுத்துட்டாங்கக்கா. நாத்தம் வேற."

மரம் என்றால் பழம் விழத்தான் செய்யும். நாங்கள் விழும் இடம் பார்த்து, தள்ளி உட்கார்ந்து சோறு தின்னவில்லையா? சிவனுக்குப் பூ கொடுத்த மரத்தை வெட்டி, எங்கள் நாயைப் புதைத்த மண்ணில் கல்லைப் பதித்துவிட்டு, பெயரை மட்டும் யாருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்? சாமி கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை, நானும் கேட்கிறேன்.

வெறுங்கையோடு வெளியே வந்தபோது, மகளின் பிடியிலிருந்து நழுவிய நாய் ரோட்டோரம் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று, "நாகலிங்கம்" என்று உரக்கக் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் அந்தப் பெயருக்கு ஒரு மரம், ஒரு மனிதர், ஒரு நாய் என்று மூன்று உயிர் இருந்தது. நாய் மட்டும் வந்தது.