ஏஜெண்டு சொன்ன ரிசல்ட்டு

இப்பல்லாம் செல்போன்ல நம்பரைத் தட்டினா டிரைவிங் டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்துடுதாம். நல்லா இருக்கட்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. என் ரிசல்ட்டை ஒரு மனுஷன் வாயாலதான் கேட்டேன். அந்த வாய் நாசமாப் போகன்னு அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். செத்தவரைத் திட்டாதேம்பா என் பொண்டாட்டி. உயிரோட இருந்தப்ப திட்டினது போதலையே, என்ன பண்றது?

அவரு எங்க ஊர் மிராசுதாருக்கு ஏஜெண்டு. மிராசுதார் மெட்ராஸ்ல இருந்தாரு. நிலம், களம், ஆளு எல்லாம் பாத்துக்கிட்டது இவருதான். தினம் காலை பஸ்ஸுல திருவாரூர் போயிட்டு சாயங்காலம் வருவாரு. எங்க தெருவுல எவனும் வேலையை விட்டுட்டு டவுனுக்குப் போக முடியாது. அதனால பத்தாவது ரிசல்ட்டா, கோர்ட்டு வாய்தாவா, ஆஸ்பத்திரியில கெடக்கறவனுக்கு எப்படி இருக்கு, எல்லாத்தையும் அவருகிட்டதான் சொல்லி அனுப்புவோம். சாயங்காலம் பஸ் நிக்கற எடத்துல துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நிப்போம். அவரு எறங்கி, வெத்தலையைத் துப்பிட்டு, ஒரு வார்த்தை சொல்லுவாரு. அதுதான் ரிசல்ட்டு. எவனும் மறுபடி போய்ப் பாத்ததில்ல.

எங்க அப்பா காலத்துலேருந்து மிராசுதாரோட அஞ்சு மா நிலத்தை, ஒண்ணரை ஏக்கருக்கு மேல வரும், குத்தகைக்கு உழுதுக்கிட்டிருந்தோம். எங்களைக் கெளப்பிவிட ஏஜெண்டு பாக்காத வழியில்ல. புதுசா ஒரு கட்சி ஆட்சிக்கு வந்து குத்தகைக்காரனைக் காப்பாத்தச் சட்டம் போட்டதும், நான் தாலுக்கா ஆபீஸுக்கு நடையா நடந்து என் பேரைப் பதிஞ்சுட்டேன். அன்னிக்குப் புடிச்சுது சனியன். குத்தகைக்காரன் நிலத்தைத் தரிசாப் போட்டா வெளியேத்தலாம்னு அதே சட்டத்துல இருந்துச்சு. ஏஜெண்டு அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. ஏர் மாடு வச்சிருக்கற எவனும் என் வயல்ல எறங்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாரு. என் மாடு ரெண்டும் அந்தக் கோடையில கோமாரி வந்து செத்துப் போச்சு. கூட்டுறவுச் சங்கத்துல டிராக்டர் இருந்துச்சு, ஆனா அதோட டிரைவரு ஏஜெண்டுக்குச் சொந்தக்காரன். "எனக்கு எதுக்குண்ணே வம்பு"ன்னு நழுவிட்டான். சங்கத்து செகரட்டரி மட்டும், "லைசென்ஸ் எடுத்துக்கிட்டு வா, நீயே ஓட்டிக்க. எவன் தடுக்கறான்னு பாப்போம்"னாரு.

மேட்டூர் தொறந்தாச்சுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. வாய்க்கால்ல தண்ணி வந்ததும் வயல்ல பாய்ச்சி சேறாக்கி உழணும், சேடை ஓட்டறதுன்னு சொல்லுவோம். ஓட்டலைன்னா தரிசு. தரிசுன்னா நிலம் போச்சு, நானும் என் பொண்டாட்டியும் நடுத்தெருவுல.

கூத்தாநல்லூர் அரிசி மில்லுல மூட்டை தூக்கின காலத்துலயே டிராக்டர் ஓட்டப் பழகியிருந்தேன். திருவாரூருக்கு டெஸ்ட்டுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டரு மைதானத்துல ரெண்டு கல்லை வச்சு எட்டு போடச் சொன்னாரு. போட்டேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். மனுஷன் மூஞ்சியில ஒண்ணும் தெரியல. "பாஸானவன் நம்பரை நாளைக்கு போர்டுல ஒட்டுவோம், வந்து பாத்துக்க"ன்னு அனுப்பிட்டாரு.

மறுநாள் காலையில பஸ்ஸுக்கு நின்ன ஏஜெண்டு என்னைக் கூப்பிட்டாரு. "நம்பரைச் சொல்லுடா, பாத்துட்டு வர்றேன். சண்டை வேற, இது வேற"ன்னாரு. சொன்னேன். எதிரிகிட்டயா சொன்னேன்னு கேப்பீங்க. பழக்கம் அப்படிங்க. நிலத்துக்காக அவரோட மல்லுக்கட்டினேன், ஆனா டவுன் சேதின்னா அவரு வாய்தான்னு ஊறிப் போயிருந்துச்சு.

சாயங்காலம் துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நின்னேன். எறங்கினாரு, துப்பினாரு. "ஃபெயிலுடா. போர்டுல உன் நம்பரே இல்ல. எட்டு சரியா வரலையாம்."

வீட்டுக்கு வந்து தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். என் பொண்டாட்டி அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டா, "போர்டுல என்ன எழுதுவாங்க?"

"பாஸானவன் நம்பரு."

"அப்புறம் எட்டு சரியில்லேன்னு இவருக்கு எந்த போர்டு சொல்லிச்சு?"

எனக்கு உச்சியில சுரீர்னுச்சு. மறுநாள் அவரு போற பஸ்ஸுல போகாம அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன். ஆபீஸ் வாசல்ல போர்டு. மேலேருந்து மூணாவது நம்பரு என்னோடது. எழுத்துக் கூட்டிப் படிக்கறவனுக்குக்கூடத் தெரியும், அவ்வளவு பெருசா இருந்துச்சு. சந்தோஷம் வரலைங்க. பஸ்ஸு ஸ்டாண்டுல எத்தனை பேரு எத்தனை வருஷமா இந்த ஆளு வாயை நம்பி அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனாங்களோ!

லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. மூச்சு விடல. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவரு எதிர்லயே நடமாடினேன். "மில்லுக்கே போய் மூட்டை தூக்குடா"ன்னு சிரிச்சாரு. "சரிங்க"ன்னேன். தண்ணி வந்துச்சு. சுத்தியிருந்த வயல் எல்லாத்துலயும் நடவு ஆரம்பிச்சுட்டாங்க, என் வயல்ல மட்டும் புல்லு. "விளையாடாதே, போய் ஓட்டு"ன்னு பொண்டாட்டி கத்தினா. தரிசுன்னு அவரு மனு எழுதிக் குடுக்கட்டும், ஆளைக் கூட்டிக்கிட்டு வரட்டும், நாலு பேரு முன்னாடி மூக்கை உடைக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அவரு குடுத்த மனுவை விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டரு வர்ற தேதி தெரிஞ்சுது. அன்னிக்கு வெளிச்சம் வர்றப்பவே தண்ணியைத் தொறந்துவிட்டு சங்கத்து டிராக்டரை வயல்ல எறக்கிட்டேன். ஜீப்பு வந்து நிக்கறப்ப பாதி வயல் சேறு. ஏஜெண்டு புது வேட்டி கட்டி, விபூதி பூசி, கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வந்திருந்தாரு. டிராக்டரைப் பாத்ததும் வரப்புல ஓடி வந்து நின்னு கத்தினாரு. "சார், இவன் டெஸ்ட்டுல ஃபெயிலான பய! லைசென்ஸே கெடையாது! போலீஸைக் கூப்பிடுங்க!"

நான் எறங்கி வந்து லைசென்ஸை இன்ஸ்பெக்டரு கையில குடுத்தேன். அவரு படிச்சுப் பாத்துட்டு ஏஜெண்டைப் பாத்தாரு. "ஃபெயிலுன்னு யாருங்க சொன்னா?" இன்ஸ்பெக்டரு, "சாகுபடி நடக்குது"ன்னு எழுதிக்கிட்டு ஜீப்புக்கு நடந்தாரு. நிலம் என் கையிலயே நின்னுடுச்சு.

எனக்கு அது போதல.

திரும்பவும் டிராக்டர்ல ஏறினேன். "ஏஜெண்டய்யா, எட்டு சரியா வரலைன்னீங்களே. இப்ப நல்லாப் பாருங்க." அவரு நின்ன வரப்பை ஒட்டி ஒரு எட்டு போட்டேன். சேத்துக்குப் போடற இரும்புச் சக்கரம் சேத்தை வாரி அடிச்சுது. வேட்டி போச்சு, விபூதி போச்சு. ஓடப் பாத்து வழுக்கி வயலுக்குள்ள உக்காந்துட்டாரு. பக்கத்து வயல்ல நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து குலவை போட்டாங்க. அவரைச் சுத்தி இன்னொரு எட்டு போட்டேன்.

"நிறுத்துடா! டேய், நிறுத்துடா!"

"காது கேக்கலைங்க. ரிசல்ட்டை மட்டும் சொல்லுங்க. பாஸா, ஃபெயிலா?"

வாயில இருந்த சேத்தைத் துப்பினாரு. "பாஸுடா"ன்னாரு.

"அங்க நடறவங்களுக்கும் கேக்கணும்ங்க."

"பாஸு! பாஸு!"

அதுக்கப்புறம்தான் இன்ஜினை நிறுத்தினேன்.