ஆள் எண்ண வந்த சாமியார்

அன்று கோயிலில் நான் இருந்தேன். என் மனைவி ஆரோக்கியம், தம்பி சவரிமுத்து, அவன் மனைவி லூர்து. பக்கத்து வீட்டு மாரி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். கடைசியில் டீக்கடை பாய். முதல் நான்கு பேர்தான் கிறிஸ்தவர்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்களுடையது சின்னக் கிளைக்கோயில். மாதம் ஒரு பூசை. பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சாமியார் ஆள் எண்ண வருகிறார் என்றதும் எனக்குச் சந்தேகம். ஆள் கம்மி என்று பூசையை நிறுத்திவிடுவார்கள். அதனால் மற்றவர்களைக் கெஞ்சி அழைத்து வந்தேன். மாரியின் நெற்றியில் இருந்த விபூதியை நானே துடைத்தேன்.

பூசை முழுக்க அவர் எங்களையே பார்ப்பதாகப் பட்டது. நன்மை அப்பம் வாங்க நாங்கள் எழுந்தபோது மாரியும் பின்னால் வந்து கை நீட்டினான். சாமியார் அப்பம் தராமல் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார்.

பூசை முடிந்ததும் பாயிடம் பெயர் கேட்டார். சொல்லாதே என்று நான் பாய்க்குக் கண்ணைக் காட்டினேன்.

"நான் டீக்கடை பாய்ங்க. இவன் தொந்தரவு தாங்காம கடையச் சாத்திட்டு வந்து குந்திக்கினு இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"உங்க ஆளு எத்தனை பேரு? நீங்களே சொல்லுங்க," என்றார் சாமியார். உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப இவங்க எதுக்கு வந்தாங்க?"

"பூசை நின்னுடக் கூடாதுன்னுதான் சாமி."

"பூசை வேணும்னு இத்தனை பேரு வந்தா எப்படி நிறுத்துறது?"

நான் நம்பவில்லை. அடுத்த மாதம் பூசைக்குச் சாமியாரின் வண்டி மேடேறி வந்தபோதுதான் நம்பினேன். பக்கத்து வீட்டுக்காரன் யாரென்பதை மறைத்தால்தான் கோயில் நிலைக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆயர் இல்லத்துக்குப் போன எண்ணிக்கை, நான்கு.